பட்டாளத்துக்குப் பின் ஊர் வேலை

ராணுவத்தில் பதினைந்து ஆண்டு முடித்தால் சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். முட்டி கொஞ்சம் தேய்ந்திருக்கலாம், பீரங்கிப் பிரிவில் இருந்தவருக்குக் காது மந்தமாகியிருக்கலாம். மற்றபடி உடம்பில் வலு இருக்கிறது, கையில் ஒரு தொழில் இருக்கிறது, மாதம் பிறந்தால் ஒரு தொகை வந்துவிடுகிறது. ஊர் வேலைக்கு இதைவிடத் தகுதியான ஆளை எந்தப் பஞ்சாயத்தும் தேடிப் பிடிக்க முடியாது. இருந்தும் பல பேர் செக்யூரிட்டி வேலைக்கும் கேண்டீனுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். மனமில்லாமல் அல்ல. எங்கே தொடங்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொடங்கிய சிலரும் எடுத்த எடுப்பில் ஊரோடு மோதி, ஓராண்டுக்குள் கைகழுவி விடுகிறார்கள். அந்தத் தொடக்கத்தைப் பற்றித்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது.

முதல் ஆறு மாதம்

ஊருக்கு வந்த சூட்டோடு எந்தப் பொறுப்பையும் ஏற்காதீர்கள். அழைப்புகள் வரும். கோயில் கமிட்டியில் பொருளாளராக இருக்கச் சொல்வார்கள். கட்சிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். சொந்தச் சாதிச் சங்கம் மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தும். முதல் இருவரிடமும் “கொஞ்ச நாள் போகட்டும்ணே” என்று சொல்லிவையுங்கள். சாதிச் சங்கத்திடம் முடியாது என்று நேராகவே சொல்லிவிடுவது நல்லது. மெட்ராஸ் ரெஜிமென்டிலோ மெட்ராஸ் சாப்பர்களிடமோ இருந்தவர் என்றால், தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் கன்னடரும், எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே லங்கரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் நீங்கள். இந்தத் தெரு ஆள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அடுத்த தெருவில் நீங்கள் எடுத்து வைக்கும் எந்த நல்ல காரியமும் எடுபடாது.

அந்த ஆறு மாதம் வீட்டுக்கு உரியது. ஆண்டுக்கு இரண்டு மாத லீவில் நீங்கள் வந்துபோன காலமெல்லாம், பிள்ளைகளின் பள்ளி, பெரியவர்களின் மருத்துவம், நகைக்கடன், வரப்புத் தகராறு அத்தனையையும் உங்கள் மனைவி தனியாக நடத்தியிருக்கிறார். ஊரில் யார் எப்படி, தாலுகா அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத் தெரியும். அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பலர் தோற்பது முதலில் இங்கேதான். நன்றாக நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் கம்பெனி கமாண்டராக நுழைகிறார்கள்.

கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த மனு மூன்றாவது முறையாக வாசிக்கப்படுகிறது, எந்தப் பெண்மணி எழுந்து பேசும்போது யார் குறுக்கே பேசுகிறார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டம் கேட்டாலே ஊரின் வரைபடம் கைக்கு வந்துவிடும்.

ஆணை ஊரில் செல்லாது

மகாராஷ்டிரத்தின் ராலேகான் சித்தியை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். ராணுவ லாரி ஓட்டுநராக இருந்த அண்ணா ஹசாரே, 1965 போரில் கேம்கரன் பகுதியில் உயிர் தப்பியவர். 1975-இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். மழை குறைந்த, பஞ்சம் பிழைக்க வெளியே போகும் ஊர் அது. அவர் முதலில் கையிலெடுத்தது தண்ணீரை அல்ல. இடிந்து கிடந்த ஊர்க் கோயிலைத் தன் சேமிப்பைப் போட்டு எடுத்துக் கட்டினார். தன் பணத்தைப் போடுகிறான், தனக்கென்று எதுவும் கேட்கவில்லை என்று ஊர் கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகுதான் ஓடைத் தடுப்புகளும் கசிவுநீர்க் குட்டைகளும் வந்தன, ஆட்கள் உடல் உழைப்பைத் தர முன்வந்தார்கள், கிணறுகளில் தண்ணீர் ஏறியது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை முதலில், திட்டம் பிறகு.

அதே ஊரில் நாம் பின்பற்றக் கூடாததும் நடந்தது. குடித்துவிட்டு வந்தவர்களைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். ஹசாரே அதை மறைக்கவில்லை, அதற்கு நியாயமும் சொன்னார். எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. யூனிட்டில் ஒருவன் தவறு செய்தால் சார்ஜ் ஷீட் உண்டு, விசாரணை உண்டு, ராணுவச் சட்டம் இருக்கிறது. ஊரில் உங்களுக்கு யாரையும் தண்டிக்கும் உரிமை கிடையாது. குரலை உயர்த்தும் உரிமைகூடக் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் தாமதமாக வருவார், தூய்மைப் பணியாளர் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், இளைஞர்கள் “வரேன் சார்” என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போவார்கள். அவர்கள் உங்கள் செக்‌ஷன் ஆட்கள் அல்ல, கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்களும் அல்ல. நீங்கள் தனியாகவாவது மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொருவராக வருவார்கள்.

உங்கள் டிரேட் எது

எல்லோரும் மரம் நட வேண்டியதில்லை. பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தீர்களோ அதற்கு மிக அருகில் இருக்கும் ஊர் வேலையைத் தேடுங்கள். இஎம்இ-யில் மெக்கானிக்காக இருந்தவர் பஞ்சாயத்து மோட்டாரையும் பள்ளிக்கூடக் குடிநீர்த் தொட்டியையும் மாதம் ஒருமுறை பார்த்தாலே ஊர் பாதி நிம்மதியாக இருக்கும். சமையல்காரராக இருந்தவருக்கு வெள்ள முகாமில் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிப்பது புதிதல்ல. கிளார்க்காக இருந்தவருக்குத்தான் ஊரில் மிகப் பெரிய வேலை காத்திருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லிக்கொடுங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஊசி போடாதீர்கள், மாத்திரை எழுதித் தராதீர்கள். ஊர் கெஞ்சும், ஆனால் சட்டம் இடம் தராது, உயிருக்கும் ஆபத்து. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கத் தயங்கவே வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இந்த இரண்டையும் ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சொல்லிவைப்பதே ஒரு தொண்டு.

டிரங்குப் பெட்டிக்குள் இருப்பது

கிளார்க்காக இருந்தவருக்குக் காத்திருக்கிறது என்றேனே, அந்தக் காகித வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். முன்னாள் படைவீரர் ஒருவர் இருக்கும் ஊரில், கணவரை இழந்து காகிதத்தோடு அல்லாடும் பெண் ஒருவரும் அநேகமாக இருப்பார். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் சொல்லவே வேண்டாம். இப்படித்தான் பேச்சு தொடங்கும்:

“பேரு ஒத்துவரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க தம்பி. நானும் நடையா நடக்குறேன்.”

“அவரோட டிஸ்சார்ஜ் புக் இருக்காம்மா?”

“பரண்ல பெட்டியில இருக்கும். எனக்கு என்னப்பா தெரியும், நீயே இறக்கிப் பாரு.”

கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் ஆர்மி நம்பரும் பெயரும். உள்ளே சாக்குத்துணியில் சுற்றிய மெடல்கள், கரையான் தொட்ட லீவ் சர்டிபிகேட்டுகள், அடியில் டிஸ்சார்ஜ் புக். குடும்ப விவரப் பக்கத்தைத் திருப்பினால் மனைவி பெயர் ‘லட்சுமி’ என்று இருக்கும். ஆதாரில் ‘மகாலட்சுமி’. பிறந்த தேதி ஒன்றில் இருக்கும், மற்றதில் ஆண்டு மட்டும் இருக்கும். கல்யாணமான புதிதில் யூனிட் கிளார்க் காதில் விழுந்ததை எழுதியதும், முப்பது ஆண்டு கழித்து ஆதார் முகாமில் வேறொருவர் எழுதியதும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான். அதற்காக ஒரு மூதாட்டி மாதக்கணக்கில் பென்ஷன் இல்லாமல் இருக்கிறார்.

முதல் நாள் எந்த விண்ணப்பமும் எழுதாதீர்கள். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்ற பென்ஷன் ஆணை, இறப்புச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் திண்ணையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இடத்தில் பிசகு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். ஆதாரை மாற்றுவதா, ராணுவப் பதிவை மாற்றுவதா என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். ராணுவப் பதிவென்றால் அந்தந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும், மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டீக்கடை ஆலோசனையில் நோட்டரிக்குச் செலவழிக்க வேண்டாம்.

கணவர் இறந்த உடனே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறப்பைத் தெரிவிக்காத வரை பழைய பென்ஷன் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் ஏடிஎம் கார்டைப் போட்டு எடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் பின்னால் குடும்ப பென்ஷனில் பிடிக்கப்படும், அப்போது கஷ்டப்படுவது தாய்தான். காரியம் முடிந்த கையோடு போய் இதைச் சொல்லுங்கள். துக்க வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

ஆயுள் சான்று நவம்பரில் வருகிறது. கைரேகை தேய்ந்த முதியவர்களுக்கு இ-சேவை மையத்தில் விரல் பதியாது. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம், உங்கள் செல்போன் போதும். ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளக் கணக்கின் கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், ஓடிபி-யை அவரே பார்த்துச் சொல்லட்டும். “ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், பென்ஷன் நின்றுவிடும்” என்று யாராவது போன் செய்து ஓடிபி கேட்டால் துண்டித்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

பென்ஷனுக்குத் தகுதியான சேவைக் காலம் இல்லாமலே வீட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். 65 வயதைக் கடந்த, ஹவில்தார் நிலை வரை இருந்த அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களின் விதவையருக்கும் கேந்திரிய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகை உண்டு. மகன் இன்ஜினீயரிங்கோ மகள் நர்சிங்கோ படித்தால் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் வழி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே உதவி இயக்குநரைப் போய்ப் பார்த்து, “எங்கள் ஒன்றியத்தில் யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள், யாருக்கு எது நிலுவை, நான் போய்ப் பார்த்து வருகிறேன்” என்று சொல்லுங்கள். ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரு சிறு அலுவலகம் பார்க்கிறது. பெரும்பாலும் வரவேற்பார்கள்.

இந்த வேலைக்குக் காசு வாங்காதீர்கள். பஸ் செலவுக்கு என்று மடித்துத் தரும் நூறு ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள்.

மைதானத்தில்

இளைஞர்களுக்கு ராணுவ ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி தருவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. நல்ல யோசனைதான், முறையாகச் செய்தால். 1.6 கிலோமீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 82 நொடி. பையன்கள் முதல் சுற்றை 70 நொடியில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். 80 நொடியில் ஓடும் நிதானத்தை உடம்புக்குப் பழக்குவதுதான் உங்கள் வேலை. முதல் மாதம் நேரமே பார்க்காமல் மெதுவாக ஓடவிடுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். கெண்டைக்கால் எலும்பில் வலி என்று சொன்ன பையனை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள், வலியோடு ஓடுவது வீரம் என்று பேசாதீர்கள். மதிப்பெண் முறை அவ்வப்போது மாறுகிறது, ஆண்டுதோறும் அறிவிப்பைப் படித்து அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில் வருவதால், ஓடத் தெரிந்தும் கணக்கில் விழுந்துவிடும் பிள்ளைகள் அதிகம். ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள், சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் ஓட இடமில்லாமல் தவிக்கிறார்கள்.

புரோக்கர்கள் உங்கள் மைதானத்தைச் சுற்றித்தான் வருவார்கள். “சார் பழைய சுபேதார், உள்ளே ஆள் இருக்கு” என்று உங்கள் பெயரைச் சொல்லிப் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் வாங்கிவிட வாய்ப்பு உண்டு. முதல் நாளே பெற்றோரைக் கூட்டிவைத்து, ஆள்சேர்ப்பில் பணத்துக்கு இடமில்லை, பயிற்சிக்கும் கட்டணமில்லை என்று அறிவித்துவிடுங்கள்.

மழைக்கு முன்

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இரண்டு முறையும் மீட்புப் படை வந்து சேரும்வரை ஊர்தான் ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

செப்டம்பர் முடிவதற்குள் ஒரு நோட்டுப் போடுங்கள். யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் டிராக்டர், மரம் அறுக்கும் மெஷின் யாரிடம், பரிசல் ஓட்டத் தெரிந்தவர் யார். எதிர்ப்பக்கத்தில் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள். ஒவ்வொருவரையும் தூக்கிவர இரண்டு இளைஞர்களின் பெயர். கரண்ட் போனால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற எந்த ஜெனரேட்டரைக் கொண்டுவருவது, அதன் வயர் மோட்டாருக்குப் பொருந்துமா என்று மழை வருமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நோட்டின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077. ஓடும் வெள்ளத்தில் இறங்கிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், நாற்பத்தைந்து வயதில் நினைவிலிருக்கும் உடம்பு வேறு, இருக்கும் உடம்பு வேறு. கரையில் நின்று கயிறு போடுவதே பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. வரத்துக் கால்வாயில் அடைப்பெடுப்பதும் ஆவணிக்குள் முடிய வேண்டும், ஆனால் நீர்வளத் துறை ஏரியா, ஒன்றியக் கண்மாயா என்று பார்த்து அனுமதி வாங்கிய பிறகே மண்ணில் கை வையுங்கள்.

மரம் நடுவதைப் பற்றி ஒரே வார்த்தை. 1982-இல் டெராடூனில் முன்னாள் படைவீரர்களைக் கொண்டு தொடங்கிய டெரிடோரியல் ஆர்மியின் 127-ஆவது சுற்றுச்சூழல் பட்டாலியன், சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகக் கிடந்த முசூரி மலைகளைப் பசுமையாக்கியது. நட்டதோடு போகாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து காத்தார்கள். காக்க முடிந்த அளவுக்கு மட்டும் நடுங்கள்.

பணம், பாட்டில், மனம்

சங்கம் பதிவு செய்ய அவசரப்படாதீர்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துவிடலாம், ஆனால் வேலை இல்லாத சங்கத்தில் மிஞ்சுவது தலைவர் பதவிச் சண்டை. ஓராண்டு வேலை நடந்து, பணம் கைமாறத் தொடங்கிய பிறகு பதிவு செய்து, இருவர் கையெழுத்தில் கணக்குத் தொடங்குங்கள். வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி மாதந்தோறும் எழுதி ஒட்டுங்கள்.

கேண்டீன் மது பாட்டிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரில் காரியம் நடக்க அதுதான் சுலபமான வழி என்று பலர் பழகிவிட்டார்கள். ஒரு பாட்டில் கொடுத்தால் டிராக்டர் வரும், வேலையும் நடக்கும். அடுத்த முறை இரண்டு கேட்பார்கள், காலையில் மைதானத்துக்கு வரும் பையன்களும் அதைப் பார்க்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். விற்பது குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஊர் வேலை எல்லா நோவுக்கும் மருந்து என்று நான் சொல்லமாட்டேன். தூக்கம் வராத இரவுகள், பட்டாசு வெடித்தால் நெஞ்சு படபடப்பது, இழந்த தோழர்களின் நினைவு, காரணமில்லாத கோபம், இவை தொடர்ந்தால் ஊர் வேலையில் மூழ்கி அதை மறைக்கப் பார்க்காதீர்கள். டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்-இன் பாலிகிளினிக் மருத்துவரிடமும் சொல்லலாம். உங்கள் கூட்டாளி யாராவது திடீரென்று வருவதை நிறுத்திவிட்டால் போன் செய்யாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னும் ஒரு கூட்டம் ஊர் திரும்பப்போகிறது. 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்களின் நான்காண்டு 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. அதிகபட்சம் கால்வாசிப் பேருக்குத்தான் தொடர்ந்து பணியாற்ற இடம். மற்றவர்கள் கையில் சேவா நிதித் தொகையோடு இருபதுகளிலேயே வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, இசிஎச்எஸ் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் திட்டத்தில் இல்லை. அப்படி ஒரு பையன் உங்கள் ஊருக்கு வந்தால் அந்த வாரமே அவன் வீட்டுக்குப் போங்கள். பொறுப்பு எதையும் சுமத்த வேண்டாம், அவனுக்கும் ஆறு மாதம் வேண்டும். காலையில் மைதானத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள்.